கொடுத்தது யார், வாங்கியது யார்: பொருளாதாரப் பரவலை அளக்கும் கணக்கும் அதன் மரக்காலும்

அமெரிக்காவின் பங்குச் சந்தை, அரசுக் கடன் பத்திரச் சந்தை, பண்டச் சந்தை, அந்நியச் செலாவணிச் சந்தை ஆகிய நான்கையும் எடுத்துக்கொண்டு, எது தன் ஏற்ற இறக்கத்தை மற்றவற்றுக்குக் கடத்துகிறது, எது மற்றவற்றிடமிருந்து வாங்கிக்கொள்கிறது என்று பிரான்சிஸ் டீபோல்ட், கமில் யில்மாஸ் என்ற இரு பொருளியலாளர்கள் 2012இல் ஒரு கணக்கை வெளியிட்டார்கள். 1999 ஜனவரி முதல் 2010 ஜனவரி வரையிலான அன்றாட விலைகளை வைத்துப் போட்ட கணக்கு அது. கொடுத்ததிலிருந்து வாங்கியதைக் கழித்தால் பங்குச் சந்தைக்கு ஏறத்தாழ 5 விழுக்காடு மிச்சம் நின்றது. அந்நியச் செலாவணிக்கு ஏறத்தாழ 3 விழுக்காடு பற்று விழுந்தது. கடன் பத்திரச் சந்தை சுமார் 18 விழுக்காட்டைக் கொடுத்து, அதைவிட அரை விழுக்காட்டளவு மட்டும் கூடுதலாக வாங்கியிருந்தது. ஆகவே அதுவும் வாங்குகிறவர் வரிசையில் உட்கார்ந்தது.

இந்த அரை விழுக்காட்டை நாம் எவ்வளவு நம்பலாம் என்பதுதான் இக்கட்டுரையின் கேள்வி. கழித்தல் கணக்கில் பிழை ஏதும் இல்லை. ஆனால் கழிக்கப்பட்ட இரண்டு எண்களும் ஒரே படியால் அளக்கப்பட்டவையா என்று கேட்டால், பதில் அவ்வளவு நேராக வருவதில்லை. அதைப் புரிந்துகொள்ள, இந்த விழுக்காடுகள் எப்படிப் பிறக்கின்றன என்பதை முதலிலிருந்தே பார்த்துவிடுவது நல்லது. பத்தாம் வகுப்புக் கணக்கில் விலக்க வர்க்கச் சராசரி படித்த நினைவு இருந்தால் போதும். அதற்கு மேல் எதுவும் தேவைப்படாது.

ஓரிடத்தில் விழுந்த அடி வேறோரிடத்தில் வலிப்பதைத்தான் பொருளியலில் பரவல் விளைவு என்கிறோம். ஸ்பில்லோவர் என்ற சொல்லும் புழக்கத்தில் உண்டு. 1997 ஜூலை 2 அன்று தாய்லாந்து தன் நாணயமான பாத்தை டாலருடன் கட்டிவைத்திருந்த கயிற்றை அவிழ்த்துவிட்டது. அந்த ஆண்டு முடிவதற்குள் இந்தோனேசியா, மலேசியா, தென்கொரியா ஆகிய நாடுகளின் நாணயங்களும் சரிந்தன. 2008 செப்டம்பரில் லேமன் பிரதர்ஸ் வங்கி வீழ்ந்தபோது, அந்த வங்கியோடு எந்தக் கொடுக்கல் வாங்கலும் வைத்துக்கொள்ளாத சந்தைகளும் குலுங்கின. "நெருக்கடி பரவியது" என்று எழுதிவிட்டுப் போவது எளிது. எவ்வளவு பரவியது, எங்கிருந்து எங்கே பரவியது, சென்ற ஆண்டைவிட இந்த ஆண்டு கூடுதலா என்று கேட்கும்போதுதான் எண் தேவைப்படுகிறது.

எண்ணைத் தேடும் வழி, சற்று வியப்பாக, முன்கணிப்பின் தோல்வியிலிருந்து தொடங்குகிறது. நான்கு சந்தைகளில் ஒவ்வொன்றின் இன்றைய நிலையையும், நான்கின் கடந்த சில நாள் நிலைகளைக் கொண்டு விளக்கும் நான்கு சமன்பாடுகளை ஒன்றாக மதிப்பிடலாம். கிறிஸ்டோபர் சிம்ஸ் 1980இல் முன்வைத்த இந்த முறைக்குத் திசையன் தன்தொடர்பு மாதிரி என்று பெயர்; பெயரின் கனத்தைப் பார்த்து மிரள வேண்டாம், உள்ளே இருப்பது "நேற்றைய எல்லாமும் சேர்ந்து இன்றைய ஒவ்வொன்றையும்" என்ற எளிய எண்ணம்தான். சிம்ஸுக்கு 2011இல் நோபல் நினைவுப் பரிசு கிடைத்ததில் இந்த மாதிரிக்குப் பெரும் பங்கு உண்டு. இதைக் கொண்டு பத்து நாள் கழித்துச் சந்தை எப்படி இருக்கும் என்று கணித்தால், கணிப்பு தவறும். அந்தத் தவறு ஏன் நேர்ந்தது? இடைப்பட்ட நாட்களில் எதிர்பாராத அதிர்ச்சிகள் வந்தன. சில அதிர்ச்சிகள் அந்தச் சந்தையிலேயே பிறந்தவை, சில வேறு சந்தைகளில் பிறந்து இங்கே வந்து சேர்ந்தவை. கடன் பத்திரக் கணிப்பின் பிழைக்கு விலக்க வர்க்கச் சராசரி கண்டு, அதில் எத்தனை விழுக்காடு பங்குச் சந்தையின் அதிர்ச்சியால் வந்தது என்று பிரித்தால், அதுவே பங்குச் சந்தையிலிருந்து கடன் பத்திரச் சந்தைக்கு நடந்த பரவலின் அளவு.

இப்படிப் பிரித்ததை ஓர் அணியாக எழுதுகிறார்கள். ஒவ்வொரு நிரையும் வாங்குகிற சந்தை. ஒவ்வொரு நிரலும் கொடுக்கிற சந்தை. குறுக்கே ஓடுவது நிரை, மேலிருந்து கீழே இறங்குவது நிரல் என்று நம் பாடநூல்கள் வகுத்திருக்கின்றன. கணினி நிரலையும் நாம் அதே சொல்லால் அழைப்பதால், இந்தப் பொருளைத் தமிழில் எழுதுகிறவர் அவ்வப்போது தானே குழம்பிப் போவார். ஆகவே இக்கட்டுரையில் நிரல் என்றால் அணியின் நிரல் மட்டுமே. ஒரு நிரையில் தன் கட்டத்தை விட்டுவிட்டு மற்றவற்றைக் கூட்டினால் அந்தச் சந்தை வாங்கியது தெரியும். ஒரு நிரலில் அதே போலக் கூட்டினால் அது கொடுத்தது தெரியும். இரண்டின் வித்தியாசம் நிகரப் பரவல். முழு அணியிலும் தன் கட்டங்களை விலக்கி, பிறரிடமிருந்து வந்தவற்றை மட்டும் கூட்டி, மொத்தத்தில் அது எத்தனை விழுக்காடு என்று பார்த்தால் கிடைப்பது மொத்தப் பரவல் குறியீட்டெண். 2012ஆம் ஆண்டுக் கணக்கில் அது 12.6 விழுக்காடு.

இதுவரை வழுக்கும் இடம் எதுவும் இல்லை. சிக்கல், அதிர்ச்சிகள் தனித்தனியாக வருவதில்லை என்பதில் இருக்கிறது. அமெரிக்க மத்திய வங்கி வட்டியைத் திடீரென்று உயர்த்தினால் பங்கும் பத்திரமும் டாலரும் ஒரே நாளில், ஒரே மணி நேரத்தில் அசைகின்றன. அந்த அசைவில் எவ்வளவு பங்குச் சந்தையின் சொந்த அதிர்ச்சி, எவ்வளவு பத்திரச் சந்தையுடையது என்று எப்படிப் பங்கு போடுவது?

பழைய வழி, பந்தியில் முந்தி உட்கார்ந்தவருக்கு முதலில் பரிமாறுவது போன்றது. சந்தைகளை ஒரு வரிசையில் நிறுத்தி, பொதுவாக வந்த அதிர்ச்சியை முதலில் நிற்பவர் கணக்கில் எழுதி, மிஞ்சியதை இரண்டாமவருக்கும், அதற்கும் மிஞ்சியதை மூன்றாமவருக்கும் எழுதுவார்கள். இதற்குப் பயன்படும் கணித முறை, முதல் உலகப் போரில் 1918இல் உயிரிழந்த பிரெஞ்சு இராணுவ அதிகாரி ஆந்த்ரே-லூயி ஷொலெஸ்கியின் பெயரைத் தாங்கியது; அவர் அதை நில அளவைக் கணக்குகளைத் தீர்ப்பதற்காக உருவாக்கினார். இந்த வழியில் ஒவ்வொரு நிரையும் தானாகவே 100க்குச் சரியாகக் கூடும். ஆனால் யார் முதலில் நிற்பது என்பதை மாற்றினால் விடையும் மாறும். நான்கு சந்தைகளை 24 விதமாக வரிசைப்படுத்தலாம். டீபோல்டும் யில்மாஸும் 2009இல் வெளியிட்ட முதல் கட்டுரையில் எடுத்துக்கொண்ட 19 நாடுகளின் பங்குச் சந்தைகளை வரிசைப்படுத்தும் வழிகளோ சுமார் 1,216 கோடி கோடி. இவற்றில் எந்த வரிசை சரி என்பதற்குப் பொருளியலில் உறுதியான விடை பெரும்பாலும் கிடையாது.

ஆகவே 2012ஆம் ஆண்டுக் கட்டுரையில் அவர்கள் வேறு வழிக்கு மாறினார்கள். கூப், பெசரன், பாட்டர் ஆகியோர் 1996இலும், பெசரனும் ஷின்னும் 1998இலும் வகுத்த பொதுமைப்படுத்திய பிரிப்பு முறை அது. இதில் வரிசை கிடையாது. "பங்குச் சந்தையில் அதன் வழக்கமான அளவில் ஓர் அதிர்ச்சி வந்தால், அதனோடு வழக்கமாக ஒட்டி வரும் மற்ற அசைவுகளையும் சேர்த்துக்கொண்டு, பத்திரச் சந்தையின் பிழையில் எவ்வளவை விளக்க முடிகிறது" என்று ஒவ்வொரு சந்தையிடமும் தனித்தனியாகக் கேட்கிறார்கள். யாரும் முந்தவில்லை, யாரும் பிந்தவில்லை. இதற்குக் கொடுக்கும் விலை என்னவென்றால், பொதுவாக வந்த அதிர்ச்சி பங்குச் சந்தையைக் கேட்கும்போது அதன் கணக்கிலும், பத்திரச் சந்தையைக் கேட்கும்போது இதன் கணக்கிலும் எழுதப்படுகிறது. ஒரே கல்யாண மொய்யை இரண்டு நோட்டில் எழுதியது போல. கூட்டிப் பார்த்தால் நிரை 100இல் நிற்காது. பெரும்பாலும் தாண்டும், சந்தைகள் ஒன்றுக்கொன்று எதிர்த்திசையில் பாதிக்கும் சில நேரங்களில் குறையவும் கூடும்.

100க்குக் கூடாத விழுக்காடுகளை வைத்துக்கொண்டு என்ன செய்வது? இங்கேதான் இயல்பாக்கம் வருகிறது. இயல்பாக்கம் என்பது எண்களை ஒரு பொது அளவுக்குக் கொண்டுவர ஏதோ ஒன்றால் வகுப்பது. எதனால் வகுப்பது என்பதே தேர்வு. டீபோல்டும் யில்மாஸும் ஒவ்வொரு நிரையையும் அதன் சொந்தக் கூட்டுத்தொகையால் வகுத்தார்கள். 172க்குக் கூடிய நிரையை 172ஆலும், 136க்குக் கூடிய நிரையை 136ஆலும் வகுத்தால் இரண்டும் 100 ஆகிவிடும். அட்டவணை அழகாகிவிடும். நிரலின் கூட்டுத்தொகையால் வகுக்கவும் கூடும் என்பதை அவர்களே குறிப்பிட்டிருந்தார்கள். ஆனால் பின்னால் வந்த பெருந்திரளான கட்டுரைகள் நிரை இயல்பாக்கத்தையே பின்பற்றின. அதை ஒரு தேர்வாகக் கருதாமல், கணக்கின் இயல்பான ஒரு படியாகவே எடுத்துக்கொண்டன என்பது என் கணிப்பு.

இப்போது ஒரு பயிற்சிக் கணக்கைப் பக்கத்தில் வைத்துப் பார்ப்போம். எண்கள் என் கற்பனை. கூட்டல் கழித்தல் மட்டும் உண்மை. மூன்று சந்தைகள் மட்டும் இருக்கின்றன: பங்கு, பத்திரம், பண்டம். நேற்றைய நிலை இன்றைய நிலையைக் கொஞ்சமும் பாதிக்காத ஓர் உலகம் இது. ஒரே நாளில் சேர்ந்து அசைவது மட்டுமே உண்டு. இரண்டு சந்தைகள் எவ்வளவு சேர்ந்து அசைகின்றன என்பதை -1 முதல் 1 வரையிலான எண்ணால் சொல்வது ஒட்டுறவுக் கெழு. பங்குக்கும் பத்திரத்துக்கும் அது 0.6, பங்குக்கும் பண்டத்துக்கும் அதே 0.6, பத்திரத்துக்கும் பண்டத்துக்கும் இடையே ஒட்டுறவே இல்லை. இப்படிப்பட்ட உலகில் பொதுமைப்படுத்திய முறை ஒவ்வொரு இணைக்கும் ஒட்டுறவின் வர்க்கத்தைப் பரவலாகக் கொடுக்கும்: 0.6இன் வர்க்கம் 0.36, அதாவது 36. தன் கட்டத்தில் 100 இருக்கும்.

ஆகவே பங்கின் நிரை 100, 36, 36, கூட்டினால் 172. பத்திரத்தின் நிரை 36, 100, 0, கூட்டினால் 136. பண்டத்தின் நிரை 36, 0, 100, அதுவும் 136. இந்த அணியைச் சற்று நேரம் உற்றுப் பாருங்கள். பங்கு பத்திரத்துக்குக் கொடுத்தது 36, பத்திரம் பங்குக்குக் கொடுத்ததும் 36. எந்த இணையை எடுத்தாலும் இரு பக்கமும் சமம். ஒட்டுறவுக்குத் திசை கிடையாது என்பதால் இது இப்படித்தான் இருக்க வேண்டும். இந்த உலகில் கொடுப்பவர் என்றும் வாங்குபவர் என்றும் யாரும் இல்லை. நிகரப் பரவல் மூன்று சந்தைக்கும் பூச்சியம்.

இப்போது நிரை இயல்பாக்கம் செய்வோம். பங்கு வாங்கியது 172இல் 72, அதாவது 41.86 விழுக்காடு. பங்கு கொடுத்ததைப் பார்க்க மற்ற இரு நிரைகளுக்குப் போக வேண்டும். அங்கே ஒவ்வொன்றிலும் 136இல் 36, அதாவது 26.47, இரண்டும் சேர்ந்து 52.94. கழித்தால் பங்குச் சந்தை 11.08 விழுக்காடு நிகரக் கொடையாளர். பத்திரம் கொடுத்தது 172இல் 36, அதாவது 20.93, வாங்கியது 26.47, ஆகவே 5.54 விழுக்காடு நிகரமாக வாங்கியவர். பண்டத்துக்கும் அதே கதி.

திசையே இல்லாத உலகில் ஒரு கொடையாளரும் இரண்டு வாங்குநரும் முளைத்துவிட்டார்கள். எந்தச் சந்தையும் எதுவும் செய்யவில்லை. வகுத்த எண்தான் செய்தது. பங்கு இரண்டு சந்தைகளோடு ஒட்டி அசைந்ததால் அதன் நிரைக்கூட்டுத்தொகை பெரிதானது. பெரிய எண்ணால் வகுபட்டதால் அது வாங்கியது சிறுத்தது. அது கொடுத்தவையோ மற்றவர்களின் சிறிய கூட்டுத்தொகையால் வகுபட்டதால் அந்த அளவுக்குச் சிறுக்கவில்லை. கொடுக்கும்போது ஒரு மரக்காலும் வாங்கும்போது வேறொரு மரக்காலும் வைத்து நெல் அளந்த பண்ணைகளைப் பற்றி முந்தைய தலைமுறை சொல்லக் கேட்டவர்களுக்கு இது புதிதல்ல. அங்கே அது வஞ்சகமாக நடந்தது. இங்கே நல்லெண்ணத்தோடு, அட்டவணை 100க்குக் கூட வேண்டும் என்பதற்காக நடக்கிறது.

இதன் நடைமுறைப் பொருள் கவனிக்கத்தக்கது. பல சந்தைகளோடு நெருங்கி அசையும் ஒரு பெரிய சந்தை, அந்த நெருக்கம் ஒன்றினாலேயே நிரை இயல்பாக்கத்தில் கொடையாளராகத் தோன்றும் வாய்ப்பு உண்டு. ஆய்வுக் கட்டுரைகளில் "அமெரிக்கப் பங்குச் சந்தையே உலகுக்கு அதிர்ச்சியை ஏற்றுமதி செய்கிறது" என்பது போன்ற முடிவைக் காணும்போது, அது உண்மையாகவே இருக்கலாம். ஆனால் அந்த முடிவில் எவ்வளவு பகுதி ஏற்றுமதி, எவ்வளவு பகுதி வகுத்தல் என்று கேட்காமல் விடுவதற்கில்லை.

மேலே கண்டது, பூச்சியம் இருக்க வேண்டிய இடத்தில் எண் முளைத்த கதை. கூட்டல் கழித்தல் குறியே தலைகீழாகும் கதையும் உண்டு. அதற்கு இரண்டு சந்தை போதும். இதுவும் கற்பனை எண்தான், ஆனால் பொதுமைப்படுத்திய முறையிலிருந்து வரக்கூடிய எண். கச்சா எண்ணெயின் நிரையில் தன் பங்கு 60, பங்குச் சந்தையிலிருந்து வந்தது 40, கூட்டுத்தொகை சரியாக 100. பங்குச் சந்தையின் நிரையில் தன் பங்கு 95, எண்ணெயிலிருந்து வந்தது 45, கூட்டுத்தொகை 140. இயல்பாக்கத்துக்கு முன், எண்ணெய் கொடுத்தது 45, வாங்கியது 40, ஆகவே 5 கூடுதலாகக் கொடுத்திருக்கிறது. நிரை இயல்பாக்கத்துக்குப் பின், வாங்கிய 40 அப்படியே 40ஆக நிற்கிறது. கொடுத்த 45 மட்டும் 140ஆல் வகுபட்டு 32.14 ஆகிறது. எண்ணெய் இப்போது 7.86 விழுக்காடு நிகரமாக வாங்கியவர். கொடுத்தவரை வாங்கியவர் ஆக்க ஒரு வகுத்தல் போதுமானதாக இருந்தது.

பிரான்செஸ்கோ கலோயா, ஆந்த்ரேயா சிப்பொல்லினி, சில்வியா முட்சியோலி ஆகிய மூவரும் 2019இல் வெளியிட்ட கட்டுரை இந்தக் கேள்வியையே எடுத்துக்கொண்டது. அவர்கள் 2012ஆம் ஆண்டு ஆய்வை அதே நான்கு சந்தைகளுக்கு மீண்டும் செய்து பார்த்து, நிகரப் பரவல் எண்கள் இயல்பாக்க முறையைப் பொறுத்து மாறுகின்றன என்று காட்டினார்கள். அத்தோடு, உண்மை விடை முன்பே தெரிந்த செயற்கைத் தரவுகளை, அதிர்ச்சி எவ்வளவு நாள் நீடிக்கிறது, சந்தைகள் எவ்வளவு ஒட்டி அசைகின்றன என்பதை மாற்றி மாற்றி உருவாக்கிச் சோதித்தார்கள். நிரை இயல்பாக்கம் குறியிலும் தர வரிசையிலும் பிழை செய்யக்கூடியது, முழு அணியையும் ஒரே எண்ணால் வகுத்தால் அந்தப் பிழைகள் நேர்வதில்லை என்பது அவர்களுடைய முடிவு.

முழு அணிக்கும் ஒரே எண் என்றால் எந்த எண்? மூன்று எண்கள் வழக்கில் உண்டு. நிரைக்கூட்டுத்தொகைகளில் மிகப் பெரியது. நிரல் கூட்டுத்தொகைகளில் மிகப் பெரியது. அல்லது அணியின் ஐகன் மதிப்புகளில், அதாவது சில குறிப்பிட்ட திசைகளில் அணி எத்தனை மடங்காகப் பெருக்குகிறது என்று சொல்லும் எண்களில், மிகப் பெரியது. எண்ணெய்க் கணக்கில் இவை முறையே 140, 135, 123.4. எண்ணெயின் நிகரக் கொடை முறையே 3.57, 3.70, 4.05 விழுக்காடு என்று வரும். அளவு சற்றே மாறுகிறது, குறி மாறவில்லை. மாறவும் முடியாது, ஏனென்றால் எல்லாக் கட்டங்களும் ஒரே நேர்மறை எண்ணால் வகுபடும்போது பெரியது பெரியதாகவும் சிறியது சிறியதாகவும்தான் இருக்கும். மூன்று சந்தைக் கணக்கில் எதனால் வகுத்தாலும் 36ம் 36ம் சமமாகவே நின்று, நிகரம் பூச்சியமாகவே இருக்கும்.

இந்த எண்ணம் நிதிச் சந்தை ஆய்வில் பிறந்ததும் அல்ல. இடம் சார்ந்த பொருளியலில், அதாவது ஒரு மாவட்டத்தின் வேலைவாய்ப்போ வரி விகிதமோ அண்டை மாவட்டத்தை எப்படிப் பாதிக்கிறது என்று ஆராயும் துறையில், யாருக்கு யார் எவ்வளவு அண்டை என்று சொல்லும் எடை அணி ஒன்று உண்டு. அதை நிரை வாரியாக 100க்குக் கொண்டுவருவது நெடுநாள் பழக்கம். இரண்டு அண்டை மாவட்டங்களைக் கொண்ட எல்லையோர மாவட்டமும், எட்டு அண்டைகளைக் கொண்ட நடு மாவட்டமும், அப்படிச் செய்த பிறகு அக்கம்பக்கத்திலிருந்து ஒரே மொத்தத் தாக்கத்தைப் பெறுவதாக ஆகிவிடும். நிரை இயல்பாக்கத்துக்குக் கோட்பாட்டு நியாயம் இல்லாத இடத்தில் அதைச் செய்வது மாதிரியையே தவறாக்கிவிடும் என்று கெலெஜியனும் புருச்சாவும் 2010இல் எச்சரித்து, ஒரே எண்ணால் வகுக்கும் வழியைப் பரிந்துரைத்தார்கள்.

இவ்வளவையும் படித்துவிட்டு நிரை இயல்பாக்கம் வெறும் தவறு என்று முடிவுகட்டினால் அது நியாயமாகாது. ஒரே எண்ணால் வகுத்த பிறகு நிரைகள் 100க்குக் கூடாது. எண்ணெய்க் கணக்கில் 140ஆல் வகுத்தால் எண்ணெயின் நிரை 71.43க்குத்தான் கூடும். அப்போது "எண்ணெயின் கணிப்புப் பிழையில் இத்தனை விழுக்காடு பங்குச் சந்தையால் வந்தது" என்ற வாக்கியத்தை எழுத முடியாமல் போகிறது, 28.57 என்ற எண் எதனுடைய விழுக்காடு என்று கேட்டால் சொல்லத் தடுமாற வேண்டியிருக்கும். ஒரு சந்தையை மட்டும் எடுத்துக்கொண்டு, அது வாங்கியவற்றில் யாரிடமிருந்து கூடுதலாக வாங்கியது என்று நிரைக்குள்ளேயே ஒப்பிடுகிறவருக்கு நிரை இயல்பாக்கம் எந்தத் தீங்கும் செய்யாது, ஏனென்றால் அந்த நிரை முழுவதும் ஒரே எண்ணால்தான் வகுபட்டிருக்கிறது. நிரைகளைத் தாண்டி ஒப்பிடும்போதும், நிரலில் கூட்டும்போதும், கூட்டியதிலிருந்து கழிக்கும்போதும்தான் கால் வழுக்குகிறது. நிகரப் பரவல் இவை மூன்றையும் செய்கிறது.

மொத்தப் பரவல் குறியீட்டெண்ணுக்கு இந்தத் தொல்லை மிகக் குறைவு. மூன்று சந்தைக் கணக்கில் நிரை இயல்பாக்கத்துக்குப் பின் அது 31.6 விழுக்காடு. இயல்பாக்கமே செய்யாமல், அணியின் மொத்தமான 444இல் பிறரிடமிருந்து வந்த 144 எத்தனை விழுக்காடு என்று பார்த்தால் 32.4. ஒரே எண்ணால் வகுத்தாலும் மேலும் கீழும் அது அடிபட்டுப் போய் அதே 32.4தான் வரும். ஆகவே 2007இல் தொடங்கிய நிதி நெருக்கடிக்கு முன்பு சந்தைகளுக்கிடையிலான பரவல் குறைவாக இருந்து, நெருக்கடி முற்றியபோது உயர்ந்தது என்று டீபோல்டும் யில்மாஸும் கண்ட முதன்மையான சித்திரத்தை இந்த விவாதம் அசைப்பதில்லை. அசைவது, யார் கொடுத்தார் யார் வாங்கினார் என்ற பகுதிதான். அதிலும் பெரிய எண்களைவிடச் சிறிய எண்கள் கூடுதலாக அசையும். பங்குச் சந்தையின் 5 விழுக்காடு சற்றே தேய்ந்தாலும் கொடையாகவே நிற்க இடமுண்டு. கடன் பத்திரத்தின் அரை விழுக்காட்டுக்கு அந்த வசதி இல்லை. 18க்கு அருகில் நிற்கும் இரண்டு எண்களின் வித்தியாசம் அது. நிரைக்கூட்டுத்தொகைகளுக்கிடையே சிறு வேறுபாடு இருந்தாலும் அதன் குறி எந்தப் பக்கமும் சாயலாம்.

இந்தக் கணக்கைச் சொந்தமாகப் போட்டுப் பார்க்க விரும்புகிறவர் முதலில் செய்ய வேண்டியது, இயல்பாக்கத்துக்கு முந்தைய நிரைக்கூட்டுத்தொகைகளை அச்சிட்டுப் பார்ப்பது. மென்பொருள் கையில் கொடுக்கும் அட்டவணை பெரும்பாலும் இயல்பாக்கி முடித்ததாகவே இருக்கும். எல்லா நிரையும் 100 என்று காட்டும் அட்டவணையில் இந்தச் சிக்கலின் சுவடே தெரியாது. கூட்டுத்தொகைகள் 104, 107, 109 என்று ஒன்றுக்கொன்று பக்கத்தில் இருந்தால் எந்த முறையில் வகுத்தாலும் ஏறத்தாழ ஒரே விடைதான் வரும். 110, 150, 190 என்று பரந்து கிடந்தால், நிகரக் கொடையாளர் யார் என்ற பத்தியை எழுதுவதற்கு முன் ஒரே எண்ணால் வகுத்தும் பார்த்துவிட வேண்டும்.

காலப்போக்கில் பரவலை வரைபடமாக வரையும்போது இன்னொரு நுணுக்கம் சேர்கிறது. 2012ஆம் ஆண்டுக் கட்டுரை 200 நாட்கள் கொண்ட சாளரத்தை ஒவ்வொரு நாளாக நகர்த்தி, ஒவ்வொரு நிறுத்தத்திலும் அணியைப் புதிதாக மதிப்பிட்டது. சாளரம் நகரும்போது ஒட்டுறவுகள் மாறுகின்றன. நெருக்கடி நாட்களில் எல்லாச் சந்தைகளும் ஒன்றாகச் சரிவதால் நிரைக்கூட்டுத்தொகைகள் பருக்கின்றன. அதுவும் ஒவ்வொரு நிரையிலும் ஒவ்வோர் அளவில். ஆகவே ஒரு சந்தையின் நிகரக் கோடு பூச்சியத்தைக் கடந்து மேலே ஏறும் நாளில், அந்தச் சந்தை உண்மையிலேயே கொடுக்கத் தொடங்கியிருக்கலாம். அல்லது அதன் மரக்கால் மட்டும் அன்று பெருத்திருக்கலாம். ஒரே எண்ணால் வகுப்பவருக்கும் இதில் முழு விடுதலை கிடையாது. குறி பிழையாகாமல் தப்பினாலும், அந்த எண்ணும் சாளரத்துக்குச் சாளரம் மாறுவதால், சென்ற ஆண்டின் 3 விழுக்காட்டையும் இந்த ஆண்டின் 4 விழுக்காட்டையும் நேருக்கு நேர் ஒப்பிடுவது ஐயத்துக்குரியதாகவே இருக்கும். இயல்பாக்காத நிகரக் கோட்டையும் நிரை இயல்பாக்கிய நிகரக் கோட்டையும் ஒரே வரைபடத்தில் ஒன்றன்மேல் ஒன்றாக வரைந்தால், இரண்டும் சேர்ந்து பூச்சியத்தைக் கடக்கும் நாட்களும் ஒன்று மட்டும் கடக்கும் நாட்களும் தனித்தனியாகத் தெரியும். ஒன்று மட்டும் கடக்கும் நாட்களைப் பற்றி எழுத உட்கார்கிறவர், சந்தையில் அன்று என்ன நடந்தது என்று தேடிப் போவதற்கு முன், வகுத்த எண்ணில் என்ன நடந்தது என்று பார்ப்பது நல்லது.